புல்தரை சமன்படுத்தல்

புல்தரை சமன்படுத்தல் என்பது வீட்டுத் தோட்டத்துப் புல்தரையில் உண்டாகும் மேடுபள்ளங்களைப் புல்லை அழிக்காமல் சீர்செய்யும் முறை ஆகும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைச்சரிவுகளில் அமைந்துள்ள கொடைக்கானலில் இப்பணி சமவெளியில் செய்வதிலிருந்து வேறுபடுகிறது. நெல்வயலில் நீர் எங்கும் ஒரே அளவாக நிற்பதற்காகப் பரம்படிக்கிறார்கள். புல்தரையிலோ நீர் நிற்கவே கூடாது. எனவே இங்கு 'சமன்' என்பது மேடுபள்ளமின்மையைக் குறிக்குமேயன்றிக் கிடைமட்டத்தைக் குறிக்காது.

காரணங்கள்

மலையில் பெரும்பாலும் மனையின் மேற்பகுதியை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்பகுதியில் கொட்டியே தளம் அமைக்கப்படுகிறது. வெட்டிய பகுதி இறுகியிருக்கும். கொட்டிய பகுதி சில மழைக்காலங்களுக்குள் அமிழும். மண்ணுள் புதைந்த சீகை, தைல மரங்களின் அடிக்கட்டைகள் மட்கும்போதும் பள்ளம் விழும். கொடைக்கானலில் வீட்டுத் தோட்டங்களுக்குள் மேய வரும் காட்டெருமைகளின் குளம்புகள் ஈர மண்ணில் ஆழப் பதிகின்றன. காட்டுப்பன்றிகள் கிழங்கும் புழுவும் தேடித் தரையையே உழுதுவிடும்.

கீழ் விளிம்புக்கு இணையாக நீண்ட வெடிப்பும் தாழ்வும் தோன்றினால், அதைப் புல்தரையின் குறையாகக் கொள்ளலாகாது. தடுப்புச்சுவர் நகர்வதன் அல்லது சரிவு வழுக்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அங்கு மண் நிரப்பினால் சுமை கூடி ஆபத்து மிகும். முதலில் பொறியாளரைக் கொண்டு சுவரையும் அதன் நீர்க்கசிவுத் துளைகளையும் ஆராய்தல் வேண்டும்.

செய்முறை

வீட்டிலிருந்து வெளிநோக்கி ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை சரிவு இருத்தல் நன்று. இதை அளக்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும், நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயே போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதால், இரு இடங்களின் உயர வேறுபாட்டை அளவுகோலால் அறியலாம்.

ஆழமற்ற பள்ளங்களுக்கு, புல்லைக் குட்டையாக வெட்டியபின், சலித்த தோட்டமண், மணல், மட்கிய எரு ஆகியவற்றின் கலவையை ஒரு தடவைக்கு 1 செ.மீ. அளவே பரப்பி, மட்டப்பலகையால் இழுத்துவிட வேண்டும். புல்நுனிகள் வெளியே தெரியவேண்டும். முற்றும் மூடினால் ஒளியின்றிப் புல் அழுகிவிடும். 100 சதுர மீட்டர் பரப்புக்கு, இந்தக் கனத்தில், ஒரு கன மீட்டர் கலவை தேவை. புல் மேலெழுந்த பின்னரே அடுத்த அடுக்கை இடலாம். ஆழமான பள்ளமாயின், புல்லை வேரோடு பாய்போல் வெட்டி மடக்கி, அடியில் மண்ணிட்டு மிதித்து, மீண்டும் விரித்துவிடலாம்.

கோடை மழை பெய்யும் ஏப்ரல், மே மாதங்கள் இதற்கு ஏற்றவை. அக்டோபர், நவம்பர் மாதக் கனமழை புதுமண்ணை அடித்துச் சென்றுவிடும். அதன்பின் வரும் உறைபனிக் காலத்தில் புல் வளர்ச்சி குன்றும்.

கிக்குயு புல்

இம்மலைகளில் புல்தரைக்குப் பரவலாக வளர்க்கப்படும் கிக்குயு புல், கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களைச் சேர்ந்தது. ஊர்ந்து படரும் தண்டுகளால் இது மண்ணிட்ட இடத்தை விரைவில் மூடிக்கொள்ளும். ஆனால் கணுவுள்ள சிறு துண்டும் வேர்விடும் இயல்புடையது. எனவே, வெட்டி எடுத்த தண்டுகளைச் சோலைக்காட்டின் ஓரத்திலோ இயற்கைப் புல்வெளியிலோ கொட்டினால், அங்குள்ள உள்நாட்டுப் புல்லினங்களை இது நெருக்கி அழித்துவிடும்.