ஒரு சிட்டிகை நீலம்

துவைத்த வேஷ்டியைக் கொடியில் போடுவதற்கு முன்னால் நீலத் தண்ணீரில் முக்கி எடுப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். வெள்ளைத் துணிக்கு வெண்மை ஊட்ட நீலப் பொடி எதற்கு என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

புது மல் வேஷ்டி, தன்மேல் விழும் ஒளியில் எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகத் திருப்பி அனுப்புகிறது. உடுத்தித் துவைத்து நாளானபின், நீல ஒளியை மட்டும் கொஞ்சம் விழுங்க ஆரம்பித்துவிடுகிறது. நீலம் குறைந்தால் மஞ்சள் மேலோங்கும். 'பழுப்பேறிவிட்டது' என்று நாம் அலுத்துக்கொள்வது இதைத்தான்.

நீலப் பொடி, போன நீல ஒளியைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை. அது தன் பங்குக்கு மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கி வைக்கிறது! தராசில் ஒரு தட்டு இளைத்துவிட்டது என்று மறு தட்டிலிருந்தும் எடுத்துவிடுவது போல. கண் அதைச் சமம் என்று நம்பி, 'ஆஹா, என்ன வெள்ளை!' என்கிறது. வேடிக்கை என்னவென்றால், நீலம் போட்ட வேஷ்டியிலிருந்து வரும் மொத்த ஒளி, போடாத வேஷ்டியைவிடக் குறைவு. அதாவது, அது சற்று மங்கிய வேஷ்டி!

இதற்குச் சிட்டிகைப் பொடி எப்படிப் போதும்? துணிக்குள் நுழையும் ஒளி உடனே வெளியே வந்துவிடுவதில்லை. நூலிழைகளுக்கிடையே பல தடவை முட்டி மோதித்தான் திரும்புகிறது. வழியில் நாலைந்து நீலத் துகள்கள் இருந்தாலும், அவற்றில் மாட்டிக்கொள்ளப் பல சந்தர்ப்பங்கள். ஆகவே வெள்ளையில் முதல் சிட்டிகை செய்யும் மாறுதலை, பின்னால் போடும் சிட்டிகைகள் செய்வதில்லை. ஆனால் அவை சும்மாவும் இருப்பதில்லை. மஞ்சள் சரிக்கட்டப்பட்ட பிறகும் விழுங்கிக்கொண்டே போனால் துணி நீலம் பாரிக்கும். தீபாவளிச் சட்டை என்றால் வீட்டில் ரகளைதான்.

பொடியைத் துணியில் முடிந்து தண்ணீரில் பிழியச் சொல்வார்களே, அது வெறும் சாஸ்திரம் அல்ல. இந்த நீலம் தண்ணீரில் கரைவதே இல்லை. துகளாக மிதந்து, அடியில் படியும். கலக்காமல் முக்கினால் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் ஒட்டும். திட்டுத் திட்டாக நிற்பது அதனால்தான்.

இன்று மலிவான இந்தப் பொருள் ஒரு காலத்தில் ராஜாக்களின் செலவு. ஆப்கானிஸ்தானத்தில் பதக்ஷான் மலைகளில் கிடைத்த நீலக் கல்லை அரைத்து எடுத்த 'அல்ட்ராமரைன்' வண்ணம், ஐரோப்பிய ஓவியர்களிடம் தங்கத்தோடு போட்டியிடும் விலைக்குப் போயிற்று. 1824-ல் பிரான்ஸில் ஒரு தொழில் வளர்ச்சிச் சங்கம், இதைச் செயற்கையாக மலிவில் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று அறிவித்தது. 1828-ல் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தட்டிக்கொண்டார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் வேகவைத்தால் தயார்! நீலம் தருவது, மஞ்சளாக இருக்கும் கந்தகமேதான்.

இப்போதைய சலவைத் தூள்களில் வேறு வித்தை இருக்கிறது. அவற்றிலுள்ள வெண்மையூட்டிகள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாகவே திருப்பித் தருகின்றன. இங்கே ஒளி நிஜமாகவே கூடுகிறது. ஆனாலும் அளவு மீறினால் வெண்மை கூடாது. துணியில் பச்சை தட்டும். புற ஊதாக் கதிர் குறைந்த எல்.இ.டி. விளக்கில் இந்த வித்தை பலிக்காது. வெள்ளைச் சட்டை வாங்குகிறவர்கள் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

பொடி நீலம் ஏற்கெனவே திட்டாகிவிட்டதா? வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். அமிலம் பட்டால் இந்த நீலம் சிதைந்து நிறமிழந்துவிடும். இலேசாக அழுகிய முட்டை வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், அது கந்தகத்தின் விடைபெறுதல்! சொட்டு நீலத்துக்கு இந்த வைத்தியத்தை நம்ப வேண்டாம். அது கரையும் சாயம், வேறு ஜாதி. எதுவானாலும் வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். விஷ வாயு கிளம்பும்.