சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்

சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட் என்பது இந்திய இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் உருவாக்கிய மின்னணு இசைத்தொகுப்பு ஆகும். 1982ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட இதனை இந்திய கிராமபோன் நிறுவனம் (மக்கள் வழக்கில் எச்.எம்.வி.) 1983இல் இசைத்தட்டாக வெளியிட்டது. டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள் என்பது தலைப்பின் பொருள். பின்னாளில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தோன்றிய ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசையை இது பெரிதும் ஒத்திருப்பதால் உலக அளவில் கவனம் பெற்றது.

பின்னணி

சரண்ஜித் சிங் மும்பைத் திரையிசைக் குழுக்களில் கிட்டார், விசைப்பலகை முதலியவற்றை வாசித்தவர். 1980இல் வெளியான குர்பானி திரைப்படப் பாடல்களுக்கும் 1981இல் வெளியான டிஸ்கோ தீவானே தொகுப்புக்கும் பின் டிஸ்கோ இசை இந்தியாவில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. அந்தத் தாளத்தின் மீது திரைப்பாடலுக்குப் பதிலாக ஹிந்துஸ்தானி இராகங்களை அமைப்பதே சிங்கின் முயற்சி. எனினும் இசைத்தட்டு அன்று விற்பனையில் வெற்றி பெறவில்லை.

கருவிகள்

இத்தொகுப்பில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள் முதன்மையானவை.

- டிஆர்-808: தாள ஒலிகளை மின்சுற்றுகளின் மூலம் உருவாக்கும் கருவி. 1980இல் வெளிவந்தது.
- டிபி-303: தாழ்சுர (பேஸ்) ஒலிக்கான கருவி. 1981இல் வெளிவந்தது. சுரவரிசை ஒன்றை முன்கூட்டியே பதிந்து வைத்தால் அதனைத் திரும்பத் திரும்ப இசைக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் இதில் உண்டு.
- ஜூபிட்டர்-8: ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்கள் வரை ஒலிக்கவல்ல சிந்தசைசர். இதுவும் 1981இல் வெளிவந்தது.

முதல் இரண்டு கருவிகளும் கம்பி மூலம் இணைக்கப்பட்டால் ஒரே கதியில் இயங்கும். ஆகவே தாளமும் தாழ்சுரமும் தாமாகவே ஓட, ஒரே கலைஞர் இராகத்தை வாசிக்க முடிந்தது.

இராகங்கள்

தட்டில் உள்ள பத்து இராகங்களும், அவற்றுள் சிலவற்றுக்குச் சுர அமைப்பில் இணையான கருநாடக இராகங்களும் வருமாறு:

- பைரவ் (மாயாமாளவகௌளை மேளத்தின் சுரங்கள்)
- லலித்
- பூபாலி (மோகனம்)
- தோடி (சுபபந்துவராளி)
- மதுவந்தி (தர்மவதி)
- மேக மல்ஹார்
- யமன் (கல்யாணி)
- கலாவதி (வலசி)
- மால்கௌன்ஸ் (இந்தோளம்)
- பைராகி (ரேவதி)

ஹிந்துஸ்தானித் தோடியும் கருநாடகத் தோடியும் வெவ்வேறானவை என்பது கவனிக்கத்தக்கது. இணை இராகங்களுக்குச் சுரங்கள் பொதுவாயினும் பிடிகளும் கமகங்களும் வேறுபடும்.

மறுவெளியீடு

1980களில் ஒலிநாடாப் பேழைகள் (கேசட்டுகள்) பரவியதால் இந்தியாவில் இசைத்தட்டுகளின் சந்தை சுருங்கியது, இத்தொகுப்பும் மறக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமன், தில்லிக் கடையொன்றில் இதன் பிரதியைக் கண்டெடுத்தார். பின்னர் மும்பையில் சிங்கைச் சந்தித்து, 2010இல் தமது பாம்பே கனெக்சன் நிறுவனத்தின் மூலம் மறுவெளியீடு செய்தார். இது அண்மையில் உருவாக்கப்பட்டுப் பழையது போல் காட்டப்படும் போலி என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். 1980களில் அச்சான மூலத்தட்டுகள் அந்த ஐயத்தைப் போக்கின. சிங் தமது எழுபதுகளில் ஐரோப்பிய மேடைகளில் இவ்விசையை வாசித்தார். அவர் 2015 சூலை மாதம் மும்பையில் காலமானார்.

முதல் ஆசிட் ஹவுஸ் இசைத்தட்டா?

ஆசிட் ஹவுஸ் வகைக்குப் பெயர் தந்த தட்டு, சிகாகோவின் பியூச்சர் குழு 1987இல் வெளியிட்ட ஆசிட் டிராக்ஸ் ஆகும். அதிலும் டிபி-303 கருவியே முதன்மையானது. அக்கருவி கிட்டார் கலைஞர்களிடையே வரவேற்புப் பெறாமல் 1984இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பின் பழைய கருவிகள் மலிவாகக் கிடைத்ததால் சிகாகோ இளைஞர்கள் அதனை வாங்கினர்.

சிங்கின் தட்டு ஆசிட் டிராக்ஸுக்குச் சில ஆண்டுகள் முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் சிகாகோ கலைஞர்கள் இதனைக் கேட்டிருந்தனர் என்பதற்குச் சான்று இல்லை. எனவே இதனை அவ்வகையின் மூலம் என்பதை விட, ஒரே கருவியிலிருந்து தனித்தனியே எழுந்த இரு பயன்பாடுகள் எனக் கொள்வதே பொருத்தம். ஒப்புமைக்கு இசையியல் காரணமும் உண்டு. இராகம் மாறாத ஆதார சுருதியின் மீது இயங்குவது; மேலை இசையில் போல அடுக்குச்சுரங்கள் மாற வேண்டியதில்லை. இதனால் ஒரே தாழ்சுர வரிசை சுழன்றுகொண்டே இருக்கலாம். ஆசிட் ஹவுஸ் இசையும் இவ்வாறே அமைகிறது. ஆயினும் அங்கு மையமாக இருப்பது ஒலிவடிகட்டியின் திருகுகளைத் திருப்புவதால் எழும் ஒலிமாற்றம். சிங்கிடம் மையமாக இருப்பது இராகம்.

இந்திய மின்னணு இசையின் தொடக்கமும் இத்தட்டு அன்று. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் உதவியுடன் மூக் சிந்தசைசர் கொண்ட கூடம் அமைக்கப்பட்டது. கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கு பணியாற்றினர். 1969 முதல் 1972 வரையான அப்பதிவுகள் நாடாக்களாகவே காப்பகத்தில் இருந்து, பால் பர்காஸ் தொகுப்பில் 2023இல்தான் வெளியாயின. சிங்கின் இசையோ தட்டாக அச்சாகிக் கடைகளுக்குச் சென்றதால், பழைய தட்டுகளிடையே மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.