உஷார்! மணிக்கு 150 என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்

"மணிக்கு எவ்வளவுங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டவருக்கு 150 என்று தட்டப் போகிறீர்களா? கையை எடுங்கள்!

சென்னை ஓ.எம்.ஆர். ஆகட்டும், கோவைப் புறநகர் ஆகட்டும், வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம், அடுக்ககப் புல்வெளி என்று பராமரிப்பு வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு பிரஷ் கட்டரும் ஸ்கூட்டரும் இருந்தால் தொழிலில் இறங்கிவிடலாம். ஆனால் நாள் முழுக்க ஓடியும் மாதக் கடைசியில் கை கடிக்கிறதென்றால், ஓட்டை அந்த முதல் பதிலில்தான் இருக்கிறது.

எட்டால் வகுக்காதீர்கள்!

பலரும் போடும் கணக்கு இது: மாதம் 30,000 ரூபாய் கைக்கு வர வேண்டும். 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி நேரம். வகுத்தால் 144. சரி, 150 என்று வைத்துக்கொள்வோம்!

அந்த 208 மணிக்கும் காசு கொடுப்பது யார்? ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம், நர்சரியில் செடி பொறுக்கும் நேரம், கத்தி தீட்டும் நேரம், "சும்மா வந்து பார்த்துட்டுப் போங்க" என்று அழைத்தவர் வீட்டுக்கு அலைந்த நேரம், எதற்கும் கூலி கிடையாது. மே மாத வெயிலில் உச்சி வேளையில் நிற்கவே முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; புல் மளமளவென்று வளரும், வெட்டப் போனால் மழை விரட்டும்.

கூலி கிடைப்பது 22 நாள், நாளுக்கு 5 மணி என்று வைத்தால் 110 மணிதான். செலவையும் ஓர் உதாரணமாகப் போடுங்கள்: வண்டி பெட்ரோல் 4,000, இயந்திரத்துக்குப் பெட்ரோல், டூ-ஸ்ட்ரோக் ஆயில், நைலான் கயிறு, பிளேடு 2,500, தேய்ந்த இயந்திரத்தை மாற்ற ஒதுக்குவது 1,500, போன், காப்பீடு 1,000. மொத்தம் 9,000. ஆக, 39,000 ரூபாயை 110 மணியில் சம்பாதிக்க வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 355!

150 என்று சொன்னவருக்கு வருவது 16,500. செலவு போக மிச்சம் 7,500. பக்கத்துத் தெருக்காரர் 150 கேட்கிறாரே என்று அதையே நீங்களும் கேட்டால், அவருடைய நஷ்டத்தை நகல் எடுக்கிறீர்கள்.

உதவிக்கு ஆள் வைத்தால் இன்னும் உஷார்! 700 ரூபாய் நாள் கூலி வாங்குபவர் உங்களுக்காக 5 மணி நேரம்தான் காசு கிடைக்கும் வேலை செய்கிறார் என்றால், அவருக்கான கூலி மட்டும் மணிக்கு 140. உங்கள் பங்கு அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

வேகமே வினையாகும்

அரிவாளால் அரை நாள் ஆகும் புல்லை பிரஷ் கட்டர் ஒரு மணியில் முடித்துவிடும். கைவேலைக்கும் இயந்திர வேலைக்கும் ஒரே விலை வைத்தால், கடன் வாங்கி இயந்திரம் வாங்கியதற்கு நீங்களே அபராதம் கட்டுகிறீர்கள். இரண்டுக்கும் தனித்தனி விலை வையுங்கள். ஆறு மாதம் கவனிக்காமல் புதர் மண்டிய இடத்தை முதல் முறை சுத்தம் செய்வது ஒன்று, மாதாமாதம் பராமரிப்பது வேறு. எங்கே போனாலும் குறைந்தது இரண்டு மணிக் கூலி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"அப்படியே..." என்றால் ஓடி வருகிறது நஷ்டம்!

"தம்பி, அப்படியே அந்த முருங்கைக் கிளையையும் கழிச்சு விட்டுடுப்பா." தட்ட மனம் வராது. ஆனால் ஒவ்வொரு 'அப்படியே'யும் அரை மணியை விழுங்கும். "செய்றேங்கம்மா, அதையும் கணக்குல சேர்த்துக்கிறேன்" என்று சிரித்தபடியே சொல்லுங்கள்.

கோரையைப் பற்றியும் முன்பே எச்சரியுங்கள். மேலே வெட்டினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து திரும்ப முளைத்துவிடும். சொல்லாமல் விட்டால், சரியாகப் பிடுங்கவில்லை என்று உங்களையே இலவசமாக மறுபடி வரச் சொல்வார்கள். நைலான் கயிறு தெறிக்கவிட்ட கல் கார் கண்ணாடியை உடைத்தால், அதுவும் உங்கள் தலையில்தான்.

வெட்டிய தழை யார் பொறுப்பு? தோட்டக் கழிவைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது, வளாகத்திலேயே தனியாகச் சேர்த்து உள்ளாட்சி சொல்கிறபடி அகற்ற வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவது நீங்கள் என்றால் அதற்குத் தனித் தொகை கேளுங்கள்.

வளர்ந்த பிறகும் பொறி உண்டு

தமிழ்நாட்டில் சேவைத் தொழிலின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். மாதம் 1.67 லட்சம் வந்தாலே அந்தக் கோடு வந்துவிடும். நாலைந்து ஆள், இரண்டு மூன்று அடுக்கக ஒப்பந்தம் போதும். தோட்டப் பராமரிப்புக்கு வரி 18 சதவீதம். 'வரி தனி' என்று ஒப்பந்தத்தில் எழுதாதவர், லாபத்திலிருந்து எடுத்துத்தான் அதைக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்றே செய்யுங்கள்

ஒரு மாதத்துக்கு, காசு கிடைத்த மணியையும் கிடைக்காத மணியையும் நோட்டில் தனித்தனியாகக் குறியுங்கள். அந்தக் கணக்கு வரும்வரை ஆண்டு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தவறான விலையில் ஓர் ஆண்டு சிக்கினால், மழைக்காலத்திலும் அதே விலைக்கு உழைக்க வேண்டும். பழைய வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி விலையை ஏற்றுங்கள். இரண்டு பேர் விலகட்டும். 150-க்கு உங்களை ஓட வைத்தவர்கள் போன இடத்தில், 355 கொடுப்பவருக்கு நேரம் கிடைக்கும்.