திருப்பிப் படுக்க வைத்தால் வலிக்கும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்கு எது அதிகம் வலிக்கும்? புண்ணுக்குக் கட்டு மாற்றுவதா, தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சுவதா, நரம்பில் ஊசி ஏற்றுவதா? கேத்லீன் புன்டில்லோ என்ற செவிலியர் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2001-ல் வெளியான 'தண்டர் 2' ஆய்வில் பெரியவர்கள் சுட்டிக்காட்டியது வேறொன்றை: திருப்பிப் படுக்க வைப்பதை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு முறை செய்கிற அன்றாட வேலை அது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஆறு வகைச் செயல்களை ஒப்பிட்டார்கள். அவற்றுக்கு முன்னதாக அபின் வகை வலிமருந்து பெற்றவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

வார்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. தோளையும் இடுப்பையும் பிடித்துப் புரட்டுகிறவருக்குத்தான் தோன்றும். வலி பற்றிய செவிலியர் ஆய்வுகளின் பலம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு அடித்தளம் போட்டவர் மார்கோ மெக்காஃபரி. நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது, அதற்கு மேல் சாட்சி தேவையில்லை என்று இந்த அமெரிக்கச் செவிலியர் 1968-லேயே எழுதினார். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்தப் பேச்சு அன்று அப்படியில்லை. ஜோ ஈலண்ட் என்ற செவிலியர் 1977-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை முடிந்த 25 குழந்தைகளில் 13 பேருக்கு வலிமருந்து ஒரு வேளைகூடத் தரப்படவில்லை. பிள்ளைகளுக்கு வலி அவ்வளவாக உறைக்காது என்று படித்தவர்களே நம்பிய காலம்.

மெக்காஃபரியின் கொள்கை நல்லதுதான்; அதைச் செயல்படுத்திய விதம் சறுக்கியது. 1990-களில் அமெரிக்காவில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தத்தோடு வலியையும் 'ஐந்தாவது உயிர்க்குறி'யாகக் குறிக்கச் சொன்னார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்று செவிலியர் கேட்க வேண்டும், எண் கூடினால் மருந்தும் கூடும். அங்கே அபின் வகை மருந்துகளுக்கு மக்கள் அடிமையானதற்கு இதுவும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்த முழக்கத்தைக் கைவிடச் சொன்னது. எண்ணை மட்டும் கேட்காமல், இரும முடிகிறதா, எழுந்து உட்கார முடிகிறதா, இரவில் தூங்கினீர்களா என்று கேட்கும் முறைகளுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. என் கணக்கில் இவைதான் நேர்மையான கேள்விகள். ஏழுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எந்த நோயாளிக்குத் தெரியும்?

சரி, வாயே திறக்க முடியாதவர்களை என்ன செய்வது? கடந்த முப்பது ஆண்டுகளில் அதிக உழைப்பு போனது இங்கேதான். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்காகக் கனடாவின் செலின் ஜெலினா 2006-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார். முகச்சுளிப்பு, உடலசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா என்ற நான்கையும் பார்த்து மொத்தம் எட்டு மதிப்பெண்ணுக்குக் கணிப்பார்கள். இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் அதில் இல்லை. வலியைத் தவிர வேறு பல காரணங்களாலும் அவை ஏறி இறங்கும் என்பதால் அவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. மறதிநோய் முற்றிய முதியவர்களுக்கும் பேச்சு வராத சிறு குழந்தைகளுக்கும் இதேபோல் தனித்தனி அளவுகோல்கள் வந்துவிட்டன.

பச்சிளங்குழந்தைகள் விஷயம் இன்னும் சிக்கலானது. குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விட்டால் அழுகை குறைகிறது. கனடாவின் செவிலியர் ஆய்வாளர் பானி ஸ்டீவன்ஸும் மற்றவர்களும் திரட்டிய சான்றுகளால் இது உலகெங்கும் பரவியது. ஆனால் 2010-ல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது: சர்க்கரை கொடுத்தால் முகம் அமைதியாகிறது, மூளையில் பதியும் வலி அலையோ குறையவில்லை. அப்படியானால் வலியை ஆற்றுகிறோமா, வலியின் அடையாளத்தை அழிக்கிறோமா? இந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. சர்க்கரையோடு நிற்காமல் தாய்ப்பாலையும், தாயின் மார்பில் தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு முறையையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். இரண்டிலும் வலியின் அறிகுறிகள் குறைந்தன.

தடுப்பூசிக்கும் இது பொருந்தும். ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுக்கலாம், படுக்க வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளலாம், குத்தியபின் பிஸ்டனைப் பின்னிழுத்துப் பார்க்க வேண்டாம், ஒரே நாளில் பல ஊசிகள் என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2015-ல் பரிந்துரைத்தது. எதற்கும் தனிச் செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப்போகும் தாய், "சிஸ்டர், பால் குடுத்துக்கிட்டே போடலாமா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.