பகல் வெயிலை இரவுக்கு எடுத்து வைக்க

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் இரவில் உறங்குவதில்லை. மலையில் பறித்த கொழுந்து பின்னேரம் நிறுக்கப்பட்டு வந்து சேர்ந்ததும் வாட்டுத் தொட்டிகளில் பரப்பப்படும். அடியிலிருந்து காற்று ஊதும் பெரிய விசிறிகள் விடியும்வரை ஓட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் கொழுந்து சூடேறிச் சிவந்து தரம் கெடும். அதற்குப் பயந்துதான் டீசல் மின்பிறப்பாக்கியை வைத்துக் காவல் இருக்கிறார்கள். அதே தொழிற்சாலையின் அகன்ற தகரக் கூரையில் சூரியப் படலங்களைப் பொருத்தினால் அவை நண்பகலில் அள்ளித் தரும். விசிறி முழுமூச்சில் ஓடும் இரவில் ஒன்றும் தராது.

நாடு முழுவதற்கும் இதே சிக்கல்தான். இலங்கையில் மின்சாரத் தேவை உச்சத்துக்கு ஏறுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. வேலை முடிந்து வந்து லயங்களில் விளக்குப் போடுவதும் சமைப்பதும் அந்த நேரத்தில்தான். வெயிலோ அதற்குள் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. மிஞ்சும் பகல் மின்சாரத்தைப் பற்றரியில் சேமித்து இரவில் எடுக்க வழி செய்யாமல், 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கைத் தொட முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

2025 பெப்ரவரி 9ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணியளவில் நாடே இருண்டது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். குரங்கு தொட்டது ஓர் இடத்தை. தீவு முழுவதும் விழுந்ததற்குக் காரணம் வேறு. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயிலோ பலம். சூரிய மின்சாரத்துக்கு இடம் விட்டுப் பெரிய சுழலிகள் பல ஓய்வில் இருந்தன. நூற்றுக்கணக்கான தொன் எடையோடு சுழலும் சுழலி, எங்கோ ஒரு வழி அறுந்தாலும் உடனே நிற்காது. அதன் சடத்துவம் சில விநாடிகள் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். கூரைப் படலத்தில் சுழல்வது எதுவும் இல்லை. தாங்க ஆளில்லாத கட்டமைப்பு சரிந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது.

அந்த ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், பகலில் கூரை மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிப் படலம் போட்டவரிடம் வெயில் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை! சேமிக்க இடமில்லாத நாட்டுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

பற்றரி ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரத்தை உள்ளிழுக்கும் அல்லது வெளியே தள்ளும். தென் அவுஸ்திரேலியா 2016 செப்டெம்பரில் மாநிலம் முழுவதும் இருண்டு போனது. அடுத்த ஆண்டே ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவொட் பற்றரி நிலையம் எழுந்தது. இங்கும் 2025இல் மின்சார சபை 16 இடங்களில் தலா 10 மெகாவொட், 40 மெகாவொட்-மணி அளவிலான பற்றரிகளுக்கு விலைமனு கோரியது. நாற்பதைப் பத்தால் வகுத்தால் நான்கு மணி நேரம், அதாவது நம் மாலை உச்சம் முழுவதும்.

எங்களுக்குச் சேமிப்பு புதிய விஷயமல்ல. கொத்மலை அணைக்குப் பின்னால் நிற்பதும் சேமித்த மின்சாரமே, 201 மெகாவொட் நிலையத்துக்கானது. தலவாக்கலையில் தேக்கிய நீரைச் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் இறக்கி 150 மெகாவொட் தருகிறது மேல் கொத்மலை. அதன் தேக்கம் சிறியது, சில மணி நேர ஓட்டத்துக்கே போதும். பகலில் வெயில் வேலை செய்தால் இந்த நீரை மாலைக்கு மீதம் பிடிக்கலாம். நீரை மீண்டும் மேலே ஏற்றிச் சேமிக்கும் 600 மெகாவொட் மகா ஓயாத் திட்டமும் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. ஆனால் மலையைக் குடையும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கொள்கலனில் வரும் பற்றரியைச் சில மாதங்களில் நிறுத்திவிடலாம். மழை பொய்த்த ஆண்டிலும் அது நிரம்பும்.

எந்தத் துணை மின்நிலையத்துக்குப் பற்றரி வந்தாலும் மலையகம் பயனடையும். ஆனால் அது போதாது. கொத்மலைக்காக ஊர்களும் தோட்டங்களும் நீரில் மூழ்கின. மேல் கொத்மலைக்காக சென் கிளயர் அருவி மெலிந்தது. இவ்வளவும் கொடுத்த மலையில் லயத்துக் கூரை அதன் கீழ் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. படலம் போடும் முடிவும் மின்சாரத்தை விற்கும் வருமானமும் அவர் கைக்கு எட்டாதவை. தொழிற்சாலைக் கூரையில் படலமும் முற்றத்தில் பற்றரியும் வரும்போது அதில் ஒரு பங்கு அந்தத் தோட்டத்து லயங்களின் பெயரில் எழுதப்பட வேண்டும். கம்பெனிகளோடு ஒப்பந்தம் போடும் முன்பே மின்சக்தி அமைச்சு அதை நிபந்தனையாக்கலாம்.