கவுண்ட் கணக்கும் கலோரிக் கணக்கும்

எளாவூர் ரயில் நிலையத்தில் இறங்கி, சுண்ணாம்புக்குளம் செல்லும் சாலையைப் பற்றிக்கொண்டு, பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று உதட்டில் படும் தூரம் வரையில் கிழக்கே போனவர்கள், குப்பங்களில் இறால் நிறுக்கும் வேளையில் ‘முப்பது கவுண்ட்’, ‘ஐம்பது கவுண்ட்’ என்று குரல்கள் எழுவதைக் கேட்டிருப்பார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்பதே கவுண்ட். எண் குறையக் குறைய இறால் பருக்கும், விலையும் ஏறும். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத கிழவியும், ஒரு கை அள்ளிப் பார்த்த மாத்திரத்தில் கவுண்டைச் சொல்லிவிடுகிறாள். இத்தனை நுட்பமாக எண்ணத் தெரிந்த ஊரில், எண்ணப்படாமலே கழிவது அடுப்பங்கரை ஒன்றுதான்.

உண்பதன் கலோரியை நாள்தோறும் குறித்து வருவது, ஆனால் இத்தனைக்குள் நிற்பேன் என்ற சங்கற்பம் எதுவும் செய்துகொள்ளாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டுமே குறித்து வருவது என்ற இந்த விஷயத்தை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்தபோது, உடம்பு இளைப்பதைப் பற்றி எதை எழுதினாலும் பத்திரிகை விற்கும் என்ற அவருடைய நம்பிக்கையை நான் அறியாதவனல்ல. எனினும் ஒரு மாதம் நோட்டு வைத்துப் பார்த்தேன். முன்பொரு முறை 1,800 என்று எல்லை போட்டுக்கொண்டு எழுதிய நோட்டில், மாலையில் தின்ற இரண்டு வடைகள் எப்படியோ ஒன்றாகச் சுருங்கியிருந்தன. எல்லையே இல்லாத இந்த நோட்டில் வடை இரண்டாகவே இருந்தது. அது மட்டுமன்று, உணவென்றே நான் நினைத்திராத தேநீர், தம்ளருக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை வீதம் ஐந்து தம்ளரில், சர்க்கரையாக மட்டும் 200 கலோரியை உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்ததும், தாளிக்கும் எண்ணெய் ஒரு மேசைக் கரண்டிக்கே 120 கலோரி வைத்திருந்ததும் பிரத்தியட்சமாயின.

இவ்விதம் இலக்கின்றி எண்ணுவது நேற்றைய நாகரிகமன்று. குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சிக் கூடத்தார், அய்க்ராய்டு என்பவரின் தலைமையில், தென்னிந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, உலையில் விழுவதற்கு முன்பே அரிசியையும் பருப்பையும் தராசில் நிறுத்துக் குறித்தார்கள். நம் நாட்டு உணவுப் பண்டங்களின் சத்து அட்டவணையை 1937-இல் சிறு நூலாகவும் வெளியிட்டார்கள். ஜனங்கள் என்னதான் உண்கிறார்கள் என்று அறிவதே முதல் நோக்கம். பிற்காலத்தில், 1979-இல், கிராமத்தானுக்கு 2,400, நகரத்தானுக்கு 2,100 என்று கலோரியைக் கொண்டே வறுமைக்குக் கோடு கிழித்தபோது, மொத்த எண் ஒன்றே எல்லோர் கண்ணிலும் நின்றது. தட்டில் கிடந்தது சோறா மீனா என்ற கேள்வி அந்தக் கோட்டுக்குக் கீழே எங்கோ போய்விட்டது.

அந்தக் கேள்விதான் என்னைக் குப்பத்துக்கு இழுத்து வந்தது. ஏரிக்கரை வீடு ஒன்றில், வீட்டுக்காரியின் அனுமதியோடு, ஒரு வாரம் அடுப்பருகே நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஆழாக்கு அரிசிக்கு ஏறக்குறைய 500 கலோரி என்று வைத்துக்கொண்டு எழுத எழுத, அரிசியின் வரி நீண்டது, எண்ணெயின் வரி தடித்தது, ஏரி கண்ணெதிரே கிடந்தும் மீனின் வரி மட்டும் மெலிந்தே இருந்தது. பருத்த வெள்ளை இறால் ஐஸ் பெட்டியில் வண்டியேறிவிடுகிறது. பச்சை நண்டோ உயிரோடு கயிற்றில் கட்டுண்டு, விமானமேறிக் கடல் கடக்கிறது. வீட்டில் தங்குவது பொடி இறாலும், சந்தையில் விலைபோகாத சிறு மீனும், மழைக்காலத்துக்கென்று உலர்த்திய கருவாடுமே. முகத்துவாரம் மணல் மூடி, கடல் நீர் உள்ளே வரத் தயங்கும் மாதங்களில் இறால் வரத்துக் குன்றிவிடும். அப்போது பொடியையும் விற்றாக வேண்டியிருக்கிறது.

இதிலே என்னை உறுத்துவது யாதெனில், மீன் தட்டைவிட்டு அகன்றாலும் கலோரி குறைவதில்லை என்பதுதான். நூறு கிராம் அரிசி 350 கலோரிக்குச் சற்று முன்பின் தரும், புரதம் 7 அல்லது 8 கிராம். நூறு கிராம் இறால் 100 கலோரியை எட்டுவதில்லை, புரதமோ ஏறக்குறைய 19 கிராம். ஆகவே, இறால் போன இடத்தில் இன்னொரு கரண்டிச் சோறு வந்து உட்கார்ந்துவிட்டால், மொத்தத்தை மட்டும் பார்ப்பவனுடைய நோட்டில் ஒரு குறையும் தெரியாது, கூடவும் தெரியலாம். இலக்கு வைத்திருப்பவன் பக்கத்தின் அடியிலுள்ள கூட்டுத் தொகைக்கு ஓடிவிடுகிறான். இலக்கில்லாதவனுக்கு அங்கே போய்ச் சேர அவசரமில்லையாதலால், வரி வரியாகப் படிக்கிறான்.

இலக்கில்லாத கணக்கு பொழுதுபோக்கு என்பாரும், எண்ணத் தொடங்கினால் சிலருக்கு உண்பதே பயமாகிவிடும் என்று எச்சரிக்கும் வைத்தியர்களும் உண்டு. பின்னவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அத்தகையோர் நோட்டைத் தொடாமலிருப்பதே நலம். நிற்க.

ஏழாம் நாள், அம்மிக்கருகே பொடி இறாலை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாள், “இத்த எல்லாம் எழுதிக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். பண்ணுவதற்கு ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் என்றேன். அவர் சற்று நேரம் என் நோட்டைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பொடியை என் பக்கம் நீட்டி, “அப்போ இதுக்கு இன்னா கவுண்ட்டு போட்டுக்குவீங்க?” என்றார். கிலோவுக்கு எத்தனை நிற்குமென்று எண்ணிப் பார்க்க என்னால் ஆகவில்லை. ‘பொடி இறால், ஒரு பிடி, ஐந்து பேருக்கு’ என்று எழுதிக்கொண்டேன்.