வெண்கொக்குகளில் யார் யார்?

வயலில் டிராக்டர் ஓடும்போது பின்னாலேயே நடந்துவரும் வெள்ளைப் பறவைகளைக் கொக்கு என்கிறோம். ஏரியில் முழங்கால் தண்ணீரில் ஒற்றையாக நிற்பதும் நமக்குக் கொக்குதான். ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் உண்ணிக்கொக்கு, சின்ன வெண்கொக்கு, நடுத்தர வெண்கொக்கு, பெரிய வெண்கொக்கு என நான்கு இனங்கள் உண்டு. நான்கையும் ஒரே வயலில் பார்க்கிற நாளும் வரும்.

புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் அலகின் நிறத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதை மட்டும் நம்பினால் அரைக்கிணறுதான் தாண்டலாம். நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் வழக்கமாக மஞ்சளாக இருக்கும் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். ஆடியில் மஞ்சள் அலகோடு குளத்தில் நின்ற அதே பறவை, வேடந்தாங்கலில் கூடு கட்டும்போது கறுப்பு அலகோடு நிற்கலாம்.

சின்ன வெண்கொக்குக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஆண்டு முழுவதும் அலகு கறுப்பு, காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். கறுப்புக் காலில் மஞ்சள் காலுறை மாட்டியதுபோல் இருக்கும். சேற்றில் நின்றால் பாதம் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் போதும், அது சும்மா நிற்கிற பறவை அல்ல. ஆழமில்லாத நீரில் பாதத்தை உதறிக் கலக்கி, பதறி ஓடும் மீனையும் இறாலையும் துரத்திக் கொத்தும்.

உண்ணிக்கொக்குக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. மாட்டின் காலடியிலும் கலப்பைக்குப் பின்னாலும் கிளம்பும் வெட்டுக்கிளிகள்தான் அதன் முக்கிய உணவு. நான்கில் குள்ளமானது, குட்டைக் கழுத்து, மோவாய்க்கட்டை சற்றுப் புடைத்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் காவியேறிவிடும். அப்போது குழந்தைகூடச் சொல்லிவிடும்.

உண்மையான சிக்கல் நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் இடையில்தான். பெரியது ஏறக்குறைய சாம்பல் நாரை உயரம், நடுத்தரம் அதைவிட ஓர் அடி குறைவு என்று நூல்கள் சொல்லும். சரிதான், ஆனால் தனியாக நிற்கும் பறவையை எதோடு அளப்பது? அதனால் நான் உயரத்தை விட்டுவிட்டு வாய்க்கோட்டைப் பார்க்கச் சொல்வேன். அலகு பிளக்கும் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் அது நடுத்தர வெண்கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. நிறத்தைப்போல இது பருவத்துக்குப் பருவம் மாறாது. பெரியதன் நீண்ட கழுத்து நடுவில் ஒடிந்ததுபோல் மடங்கியிருப்பதும் துணைக்கு வரும்.

கூடு கட்டும் காலத்தில் இன்னொரு தடயமும் உண்டு. பெரியதற்கு முதுகில் மட்டும் மெல்லிய அலங்கார இறகுகள் தொங்கும். நடுத்தரத்துக்கு முதுகிலும் மார்பிலும். சின்னதற்கு இவற்றோடு பிடரியிலும் இரண்டு நீள இறகுகள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக 19ஆம் நூற்றாண்டில் கொக்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது இந்த இறகுகளுக்காகத்தான். அதை எதிர்த்து 1889இல் இங்கிலாந்துப் பெண்கள் தொடங்கிய சங்கமே இன்று அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக வளர்ந்திருக்கிறது.

மடையானையும் மறந்துவிடக் கூடாது. உட்கார்ந்திருந்தால் மண்ணோடு மண்ணாகப் பழுப்பாகத் தெரியும். எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. பறக்கும்போது மட்டும் பார்த்தவர்கள் அதை ஐந்தாவது வெண்கொக்காக எழுதிவிடுவதுண்டு. இறங்கும்வரை கண்ணை எடுக்காமல் இருந்தால் முதுகின் பழுப்பு காட்டிக்கொடுக்கும்.

பழவேற்காடு, கோடியக்கரை போன்ற கடலோரங்களுக்குப் போனால் கணக்கு மறுபடி குழம்பும். அங்கே கரைக்கொக்கு வரும். அதில் கருஞ்சாம்பல் நிறத்தவை எளிது. வெள்ளை நிறத்தவையோ சின்ன வெண்கொக்கை அப்படியே உரித்து வைத்திருக்கும். அலகு சற்றுத் தடித்து, கறுப்பாக இல்லாமல் மஞ்சளோ பழுப்போ கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால், குறிப்பேட்டில் ‘வெண்கொக்கு’ என்று மட்டும் எழுதலாம்.